மலாயா போன கொள்ளுத்தாத்தா எங்கே? ஆயாவின் தகரப் பெட்டியும் ஆவடி கேம்ப்பும்

2025 நவம்பர்ல அம்பத்தூர், ஆவடி பக்கம் எந்தத் தெருவுக்குப் போனாலும் ஒரே பேச்சுதான். "2002 லிஸ்ட்ல உங்கப்பா பேரு இருக்கா? 2005ல பாத்தீங்களா?" வாக்காளர் பட்டியல் திருத்தத்துக்காக ஒரு கையில் படிவம், இன்னொரு கையில் போன், போன்ல பாதி திறந்து நிற்கும் பிடிஎஃப் என்று எல்லோரும் சொந்த அப்பா அம்மாவையே தேடிக்கொண்டிருந்தோம்.

எங்க வீட்டுலயும் அதே கதைதான். அப்பா பேர் கிடைத்துவிட்டது. ஆயா பேரைத் தேடும்போது எழுத்து மாறியிருக்குமோ என்று சந்தேகம். "பழைய காகிதம் ஏதாவது வெச்சிருக்கியா ஆயா?"னு கேட்டேன். கட்டிலுக்கு அடியில் இருந்து ஒரு தகரப் பெட்டியை இழுக்கச் சொன்னார்.

பெட்டியில் ஓட்டுரிமைக்கு உதவும் காகிதம் ஒன்றுகூட இல்லை. இருந்தது வேற. ஜாதகக் குறிப்பு எழுதின ஒரு கோடு போட்ட நோட்டு. 11 மணியார்டர் துண்டுகள். இரண்டு கடிதங்கள். மூலை கிழிந்த ஒரு உறை. மடித்து மடித்து நாலாகப் பிளந்துபோன ஒரு கிரயப் பத்திர நகல்.

"எங்கப்பன் மலாயாவுல இருந்து அனுப்புனது" என்றார் ஆயா. "அப்புறம் நிறுத்திட்டாரு. அங்கயே ஒருத்தியச் சேத்துக்கினு இருந்துட்டாருன்னு ஊருல சொல்லுவாங்க. எங்கம்மா சாவுற வரைக்கும் தாலியக் கழட்டல."

ஆயாவுக்கு அப்பா முகம் தெரியாது. அவர் கப்பல் ஏறும்போது இவர் தவழும் குழந்தை. எண்பது வருஷமாக எங்க குடும்பத்தில் அந்த மனுஷனுக்கு ஒரே பேர்தான்: ஓடிப்போனவர். அது சரியான பேர்தானா என்று பார்க்கத்தான் இந்தத் தேடலை ஆரம்பித்தேன். பர்மா, சிலோன், மலாயா, ஃபிஜி, தென்னாப்பிரிக்கா என்று எங்கேயோ போன ஒரு தாத்தா நம்மில் நிறைய பேர் வீட்டில் இருக்கிறார். உங்க வீட்டுப் பெட்டியைத் திறக்கும்போது இது உதவலாம்.

டேங்க் வர்றதுக்கு முன்னாடி ஆவடி

முதலில் நம்ம ஊர் விஷயம். ஆவடின்னா நமக்கு டேங்க் ஃபேக்டரி. கொஞ்சம் வரலாறு தெரிந்தவர்களுக்கு 1955 காங்கிரஸ் மாநாடு. அதற்கெல்லாம் முன்னால் ஆவடிக்கு இன்னொரு வேலை இருந்தது. மலாயா ரப்பர் தோட்டங்களுக்குப் போகும் தொழிலாளர்களைக் கப்பல் ஏற்றுவதற்கு முன் தங்கவைக்கும் முகாம் இங்கேதான் இருந்தது. மெட்ராஸ் மாகாணத்தில் மலாயாவுக்கென்று இருந்த இரண்டு பெரிய முகாம்கள் ஆவடியும் நாகப்பட்டினமும். சிலோன் போகிறவர்களுக்கு மண்டபம்.

(ஒரு சின்ன இடைச்செருகல். 'ஆர்மர்ட் வெஹிக்கிள்ஸ் அண்ட் டிப்போ ஆஃப் இந்தியா' என்பதன் சுருக்கம்தான் ஆவடி என்று வாட்ஸ்அப்பில் வருஷத்துக்கு இரண்டு முறை வரும். டேங்க் ஃபேக்டரி வந்தது 1960களில். அதற்குப் பல வருஷம் முன்னாடியே, 1920கள், 30களின் குடியேற்ற அறிக்கைகளில் ஆவடி முகாம் என்று அச்சாகி இருக்கிறது. அடுத்த தடவை ஃபார்வர்ட் வந்தால் இதைச் சொல்லுங்க.)

முறை இதுதான். தோட்டத்தில் ஏற்கெனவே வேலை செய்யும் ஒருவருக்குக் கங்காணி லைசென்ஸ் கொடுத்து, சொந்த ஊருக்கு அனுப்புவார்கள். அவர் தன் ஊர், தன் உறவு, தன் சாதி ஆட்களையே பேசித் திரட்டுவார். கிராம அதிகாரி முன்னால் நிறுத்தி ஆட்சேபணை இல்லை என்று வாங்க வேண்டும். பிறகு ரயில், ஆவடி முகாம், டாக்டர் சோதனை, அம்மை ஊசி, மெட்ராஸ் துறைமுகம். கப்பல் டிக்கெட் தொழிலாளி கையில் இருந்து இல்லை; மலாயா முதலாளிகளிடம் வரி மாதிரி வசூலித்த ஒரு நிதியில் இருந்து. எஸ்.எஸ். ரஜூலா, ரோனா மாதிரியான கப்பல்கள் நாகப்பட்டினம் தொட்டு, ஏறக்குறைய ஒரு வாரத்தில் பினாங்கு போய்ச் சேரும். மலேசியத் தமிழர்கள் வீட்டில் 'ரஜூலா' என்று சொல்லிப் பாருங்க, பெரியவங்க முகமே மாறும். 1973 வரைக்கும் ஓடின கப்பல் அது. ரோனாவுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. உலகப் போரில் அமெரிக்க வீரர்களை ஏற்றிக்கொண்டு போகும்போது 1943 நவம்பரில் மத்தியதரைக் கடலில் குண்டு வீசி மூழ்கடித்துவிட்டார்கள்.

கங்காணி முறை தெரிந்துகொண்டதில் எனக்குக் கிடைத்த முதல் பாடம்: இவர்கள் தனி ஆளாகப் போகவில்லை. கூட்டமாகப் போனார்கள். அதனால் உங்க தாத்தாவைப் பற்றிய துப்பு உங்க வீட்டுப் பெட்டியில்தான் இருக்கணும்னு இல்லை. பக்கத்து வீட்டுப் பெட்டியிலும் இருக்கலாம்.

வருஷம் கேட்காதீங்க

பெரியவங்ககிட்ட "எந்த வருஷம் போனாரு?"னு கேட்டால் பதில் வராது. வந்தாலும் தப்பாக வரும். "அவர் போறப்ப வீட்டுல யார் யார் பொறந்திருந்தாங்க? மழை பெஞ்ச வருஷமா, பஞ்சமா? எந்தத் திருவிழாவுக்கு முன்னாடி?" என்று கேளுங்க. ஆயா சொன்னது ஒரே வரி: "நான் தவழ்ந்துகினு இருந்தேனாம். வாசப்படியத் தாண்டிக்கினு பின்னாடியே போனேனாம்."

அந்த ஒரு வரியை வைத்துத் தேதி கண்டுபிடிக்க முடியுமா? முடிந்தது.

ஆதார் அட்டைப்படி ஆயா பிறந்தது 01-01-1940. ஜனவரி 1 பிறந்தநாள் வைத்திருக்கும் பாட்டிகள் எல்லா வீட்டிலும் உண்டு. சரியான தேதி தெரியாதவர்களுக்கு எழுதப்படுவது அது. அதை நம்பினால் கொள்ளுத்தாத்தா போனது 1940 கடைசியில் என்று வரும். ஆனால் அது நடக்காது. மலாயாவில் கூலியைக் குறைக்கப் பார்த்த பிரச்னையில், இலவசக் கப்பல் டிக்கெட்டோடு தொழிலாளர்கள் போவதற்கு இந்திய அரசு 1938 ஜூன் 15 முதல் தடை போட்டுவிட்டது. ஆவடி வழியாகப் போயிருந்தால் அதற்கு முன்னால்தான் போயிருக்க வேண்டும்.

அப்போதுதான் அந்தக் கோடு போட்ட நோட்டைத் திரும்ப எடுத்தேன். "தாது வருஷம் ஐப்பசி மாசம்" என்று இருந்தது. தமிழ் வருஷப் பேர்கள் 60 வருஷத்துக்கு ஒரு தடவை சுற்றி வரும். தாது என்றால் 1876, 1936, 1996. தாத்தா பாட்டிகள் பேசும் 'தாது வருஷப் பஞ்சம்' 1876ல் வந்த தாது. ஆயாவுடையது 1936. ஐப்பசி என்றால் அக்டோபர், நவம்பர். தவழும் வயசு எட்டு, ஒன்பது மாதம். ஆக 1937 நடுவில் ஆவடி. தடை வருவதற்கு ஒரு வருஷம் முன்னால்.

பிறப்புச் சான்றிதழ் இல்லாத காலத்து ஆட்களுக்கு ஜாதக நோட்டு மாதிரி நல்ல ஆவணம் வேற இல்லை. ஜோசியத்தில் நம்பிக்கை இருக்கோ இல்லையோ, அதைத் தூக்கிப் போடாதீங்க. வருஷப் பேர், மாதம், நட்சத்திரம் மூன்றும் இருந்தால் பழைய பஞ்சாங்கத்தை வைத்துத் தேதியையே பிடித்துவிடலாம். ஆதார், ரேஷன் கார்டு, பள்ளி டி.சி. மூன்றிலும் மூன்று வயது இருந்தால் பயப்படாதீங்க. ஸ்கூல்ல சேர்க்க ஒரு வயசு, வேலைக்குச் சேர ஒரு வயசு, பென்ஷனுக்கு ஒரு வயசு. அந்தக் காகிதம் எதற்காக எழுதப்பட்டது என்று கேட்டால், எந்தப் பக்கம் பொய் சொல்லியிருப்பார்கள் என்பதும் தெரிந்துவிடும்.

எந்தக் கடல் தாண்டினார்?

இதுதான் எல்லாவற்றையும் தீர்மானிக்கும் கேள்வி. ஏனென்றால் ஒவ்வொரு ஊருக்கும் போனவர்களை அரசாங்கம் வெவ்வேறு விதமாக எழுதி வைத்தது.

தென்னாப்பிரிக்காவின் நேட்டால் பகுதிக்குப் போயிருந்தால் நீங்க அதிர்ஷ்டசாலி. 1860 அக்டோபரில் மெட்ராஸில் இருந்து 'ட்ரூரோ' கப்பல் கிளம்பி நவம்பர் 16 அன்று டர்பன் சேர்ந்தது. அதில் இருந்து 1911 வரை 1,52,184 பேர் ஒப்பந்தக் கூலிகளாகப் போனார்கள். ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு மெட்ராஸ் துறைமுகம் வழியாக. ஒவ்வொருவருக்கும் ஒரு எண். பெயர், அப்பா பெயர், வயசு, சாதி, மாவட்டம், ஊர், உடம்பில் உள்ள அடையாளம், வந்த கப்பல், சேர்ந்த முதலாளி என்று வரி வரியாகப் பதிவேட்டில் இருக்கிறது. ஃபிஜியிலும் அப்படித்தான், ஆளுக்கு ஒரு எமிகிரேஷன் பாஸ். மொத்தம் சுமார் 60,000 பேரில் கால்வாசிப் பேர் 1903க்குப் பிறகு மெட்ராஸில் இருந்து போனவர்கள். மொரீஷியஸில் மோகா என்ற ஊரில் இருக்கும் மகாத்மா காந்தி இன்ஸ்டிட்யூட்டில் பதிவேடுகளோடு தொழிலாளர்களின் புகைப்படங்களும் இருக்கின்றன. இந்த மாதிரி ஒரு பாஸைப் பிடித்துக்கொண்டு எவ்வளவு தூரம் போகலாம் என்று பார்க்கணும்னா கயூத்ரா பகதூர் எழுதின 'கூலி வுமன்' புத்தகத்தைத் தேடிப் படிங்க. 1903ல் கல்கத்தாவில் இருந்து தனியாக, வயிற்றில் பிள்ளையோடு கயானாவுக்குக் கப்பல் ஏறின தன் கொள்ளுப்பாட்டியைத் தேடிப் போகிறார்.

அங்கே எல்லாம் ஏன் இவ்வளவு விவரம்? அக்கறையால் இல்லை. ஐந்து வருஷ ஒப்பந்தத்தை மீறி ஓடினால் பிடிக்கணுமே, அதற்கு. மச்சம், தழும்பு, உயரம் எல்லாம் அதற்குத்தான். இன்றைக்குப் பேரன் பேத்திகள் அதை வைத்து முகத்தைக் கற்பனை செய்துகொள்கிறார்கள்.

பர்மா போயிருந்தால் கதை தலைகீழ். 1937 ஏப்ரல் வரை பர்மா பிரிட்டிஷ் இந்தியாவின் ஒரு மாகாணம். ரங்கூன் போவது பம்பாய் போவது மாதிரி. பாஸ்போர்ட் கிடையாது, அதனால் போன காகிதமும் இருக்காது. திரும்பி வந்த காகிதம்தான் இருக்கும். 1962 ராணுவ ஆட்சிக்குப் பிறகு, 1964ல் கடைகளையும் அரசே எடுத்துக்கொண்ட பின் கப்பல் கப்பலாக வந்தார்களே, அவர்கள் வீட்டில் அகதி அடையாள அட்டை, பர்மா அரசு கொடுத்த வெளிநாட்டினர் பதிவுச் சான்று, ரெப்கோ வங்கி உறுப்பினர் ரசீது ஏதாவது ஒன்று இருக்கும். ரெப்கோவே 1969ல் இவர்களுக்காகத் தொடங்கப்பட்டதுதான். சிலோனில் இருந்து 1964 சாஸ்திரி, சிறிமாவோ ஒப்பந்தப்படி வந்த குடும்பங்களிடம் இந்திய பாஸ்போர்ட்டும் மண்டபத்தில் கொடுத்த குடும்ப அட்டையும். இந்த இரண்டு வகைக்கும் சேப்பாக்கம் எழிலகத்தில் இருக்கும் மறுவாழ்வுத் துறைதான் விசாரிக்க வேண்டிய இடம்.

மலாயா? ஒப்பந்தக் கூலி முறை அங்கே 1910லேயே நிறுத்தப்பட்டது. அதற்குப் பிறகு போனவர்கள் சட்டப்படி சுதந்திரத் தொழிலாளர்கள். ஆவடி முகாம் பற்றிய அரசு அறிக்கைகளில் எத்தனை ஆண், எத்தனை பெண், எத்தனை குழந்தை என்று எண்ணிக்கை வரும். பெயர் வராது. எழும்பூர் ஆவணக் காப்பகத்திலும், தேசிய ஆவணக் காப்பகத்தின் 'அபிலேக் படல்' தளத்திலும் (இலவசம், போன்லயே தேடலாம்) குடியேற்றக் கோப்புகளைப் பார்க்கலாம். காலத்தைப் புரிந்துகொள்ள அவை உதவும். ஆளைக் கண்டுபிடிக்க வீட்டுக் காகிதம்தான்.

ஸ்டாம்ப் ஆல்பம்

கடிதங்களை எழுதியது கொள்ளுத்தாத்தா இல்லை. அவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. தோட்டத்துக் கிராணி எழுதியிருக்கிறார். கிராணி என்றால் எஸ்டேட் கிளார்க். எழுத்து முத்து முத்தாக இருக்கிறது; விஷயம் கொஞ்சம்தான். எல்லோரும் நலமா, மாடு கன்று போட்டதா, குழந்தை நடக்கிறதா, இத்தனை ரூபாய் அனுப்பியிருக்கிறேன். தோட்டத்தின் பெயர் தமிழில் இருந்தது. வரைபடத்தில் தேடினால் இல்லை. மலாயாத் தமிழர்கள் தோட்டங்களுக்குத் தாங்களாகவே பேர் வைத்துக் கூப்பிடுவார்கள். கம்பெனி ஏட்டில் வேற பேர். தோட்டத்தை விற்றால், கம்பெனிகள் ஒன்று சேர்ந்தால் மறுபடி மாறும்.

உறையில் அஞ்சல் முத்திரை இருந்தால் ஊர் தெரியும். எங்க உறையில் அந்த மூலையே இல்லை. "யாரு கிழிச்சது?" என்று கேட்டால், 1970களில் பெரிய மாமா. ஸ்டாம்ப் சேர்த்தாராம்! நல்லவேளை, ஆல்பத்தை யாரும் தூக்கிப் போடவில்லை. பட்டாணிக் கடலை பொட்டலம் மாதிரி பழுப்பேறிய பக்கத்தில், சுல்தான் படம் போட்ட ஒரு ஸ்டாம்ப். மேலே 'பேராக்' என்று அச்சு. முத்திரையில் பாதி எழுத்து: தெலுக் ஆன்... தெலுக் ஆன்சன்.

போன்ல தேடினால் தெலுக் ஆன்சன் என்று இன்றைக்கு ஊர் கிடையாது. 1982ல் தெலுக் இந்தான் என்று மாற்றிவிட்டார்கள். இதே மாதிரி போர்ட் ஸ்வெட்டன்ஹாம் இப்போ போர்ட் கிள்ளான். பர்மா பக்கம் பெகு இப்போ பாகோ, மௌல்மீன் இப்போ மாவ்லமியைன், அக்யாப் இப்போ சிட்வே. நம்ம ஊர்ப் பேர்களும் அந்தக் கால ஆங்கிலத்தில் ஒரு வழி ஆகியிருக்கும். செங்கல்பட்டு 'சிங்கிள்புட்', திருநெல்வேலி 'டின்னவெல்லி', பூந்தமல்லி 'பூனமல்லி', ராமநாதபுரம் 'ராம்நாட்'. ஆட்களின் பேரை வெள்ளைக்கார குமாஸ்தா காதில் விழுந்த மாதிரி எழுதியிருப்பார். எழுத்துக்கூட்டலைத் தேடாதீங்க, சத்தமாகப் படித்துப் பாருங்க.

சிங்கப்பூர் தேசிய நூலகத்தின் நியூஸ்பேப்பர்எஸ்ஜி தளத்தில் அந்தக் காலத்து மலாயா, சிங்கப்பூர் பத்திரிகைகளை இலவசமாகப் படிக்கலாம். கப்பல் வந்த தேதி, தோட்டங்கள் விற்கப்பட்ட செய்தி, வேலைநிறுத்தம் எல்லாம் கிடைக்கும். தமிழ் முரசு 1935ல் தொடங்கியது. சென்னையில் தரமணி ரோஜா முத்தையா நூலகத்தில் பழைய தமிழ்ப் பத்திரிகைகள் இருக்கின்றன.

தோட்டத்தின் பெயரை நான் இங்கே எழுதவில்லை. அவருக்கு அங்கே ஒரு குடும்பம் இருந்திருந்தால், அந்தப் பேரப்பிள்ளைகள் இதை முதலில் ஒரு இணையக் கட்டுரையில் படித்துத் தெரிந்துகொள்வது நியாயமில்லை. நீங்களும் கிடைத்ததை எல்லாம் உடனே இன்ஸ்டாவில் போடாதீங்க. பழைய பதிவேட்டில் சாதி இருக்கும், இரண்டாம் கல்யாணம் இருக்கும், ஜெயில் இருக்கும். வீட்டில் இருப்பவர்களைக் கேட்டுவிட்டு அப்புறம் முடிவு பண்ணுங்க.

கடைசித் துண்டு

மணியார்டர் துண்டுகளைத் தரையில் தேதி வாரியாக அடுக்கினேன். முதல் துண்டு 1937 டிசம்பர். பிறகு வருஷத்துக்கு இரண்டு, மூன்று. பொங்கலுக்கு ஒன்று கட்டாயம். தொகை கூடிக் குறைந்து வருகிறது, விட்டுப்போகவில்லை. கடைசித் துண்டு 1941 செப்டம்பர்.

இதைப் பார்த்ததும் போனை எடுத்துத் தேட வேண்டிய அவசியமே இல்லை. 1941 டிசம்பர் 8 அன்று ஜப்பான் படை மலாயாவில் கோத்தா பாருவில் இறங்கியது. 1942 பிப்ரவரி 15ல் சிங்கப்பூர் விழுந்தது. 1945 வரைக்கும் மலாயாவில் இருந்து இந்தியாவுக்குப் பணமும் வராது, கடிதமும் வராது. அடுத்த பொங்கலுக்கு அவர் அனுப்ப நினைத்திருந்தாலும் அனுப்பியிருக்க முடியாது.

ஆரணி பக்கத்துக் கிராமத்தில் இருந்தவர்களுக்கு இது எப்படித் தெரியும்? அவர்களுக்குத் தெரிந்தது தபால்காரர் வரவில்லை என்பது மட்டும்தான்.

போர் முடிந்த பிறகும் அவர் ஏன் எழுதவில்லை? இங்கேதான் காகிதம் தீர்ந்துபோகிறது. ஜப்பானியர்கள் தாய்லாந்துக்கும் பர்மாவுக்கும் நடுவே 1942, 43ல் 415 கிலோமீட்டர் ரயில் பாதை போட்டார்கள். சயாம் மரண ரயில். மலாயாத் தோட்டங்களில் இருந்து பல பத்தாயிரம் தமிழர்களை அதற்குக் கொண்டுபோனார்கள். காலரா, மலேரியா, பட்டினி. காஞ்சனபுரி போர்க் கல்லறைக்குப் போனால் பிரிட்டிஷ், ஆஸ்திரேலிய, டச்சுப் போர்க்கைதிகள் கிட்டத்தட்ட 7,000 பேருக்கு வரிசையாகக் கல் இருக்கிறது. ராணுவ வீரனுக்கு எண் உண்டு, ரெஜிமென்ட் உண்டு, பட்டியல் உண்டு. தோட்டத் தொழிலாளிக்கு அதெல்லாம் இல்லை. லயத்து வாசலில் லாரி வந்து நின்றது, ஏறினார்கள், அவ்வளவுதான். இன்னொரு பக்கம், நேதாஜியின் ஐ.என்.ஏ.வில் சேர்ந்த தோட்டத் தமிழர்களும் ஏராளம். இரண்டுமே இல்லாமல், ஊரில் சொன்ன மாதிரி வேறு குடும்பத்தோடு இருந்தும் இருக்கலாம். மூன்றில் எது என்று சொல்ல எங்க பெட்டியில் ஒன்றும் இல்லை. ஆனால் 'பணத்தை நிறுத்திவிட்டார்' என்ற குற்றச்சாட்டு மட்டும் அந்தத் துண்டுகளை அடுக்கின அன்றைக்கே விழுந்துவிட்டது.

கடைசியாகப் பிரித்தது கிரயப் பத்திரம். 1952. கொள்ளுப்பாட்டி அரை ஏக்கர் நிலத்தை விற்றிருக்கிறார். பழைய பத்திரங்களில் பெண்ணை 'இன்னார் மகள்', 'இன்னார் மனைவி', 'இன்னார் விதவை' என்று எழுதுவது வழக்கம். அவருடையதில் இப்படி இருந்தது: 'மலாயா தேசம் சென்றிருக்கும்' இன்னாரின் மனைவி. பதினைந்து வருஷம் கழித்து. சென்றிருக்கும். எழுத்தர் விதவை என்றோ கைவிடப்பட்டவர் என்றோ போட்டிருந்தால் வேலை சுலபமாக முடிந்திருக்கும். கைநாட்டு வைக்கிற ஒரு பெண் அப்படி எழுதக் கூடாது என்று சொல்லியிருக்க வேண்டும்.

நிலப் பத்திரங்களில் இப்படிக் குடும்ப வரலாறு ஒளிந்திருக்கும். பதிவுத் துறையின் டிஎன்ரெஜிநெட் தளத்தில் பல ஊர்களுக்கு 1975 முதல் வில்லங்கத்தை இலவசமாகப் பார்க்கலாம். அதற்கு முந்தையது என்றால் சார்பதிவாளர் அலுவலகத்தில் மனு போட்டுத் தேடணும். சர்வே எண் தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. கிராம நிர்வாக அலுவலரிடம் இருக்கும் ஏ பதிவேட்டையும் விடாதீங்க.

பெட்டியைத் திறக்கும் முன்

லேமினேட் பண்ணாதீங்க. பழைய காகிதத்துக்கு அதைவிடப் பெரிய எதிரி இல்லை. அடுத்த இடத்தில் செல்லோடேப். ஜன்னல் வெளிச்சத்தில் தரையில் வைத்து, ஃப்ளாஷ் இல்லாமல் முன்பக்கம், பின்பக்கம் இரண்டையும் எடுங்க. புகைப்படத்தின் பின்னால் ஸ்டூடியோ முத்திரை இருக்கும், அதில் ஊர் இருக்கும். எது எதோடு மடித்து வைக்கப்பட்டிருந்தது என்பதையும் ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளுங்க. கலைத்த பிறகு அது திரும்பாது. போன்ல வாய்ஸ் ரெக்கார்டரைப் போட்டுவிட்டு, காகிதத்தைப் பாட்டி கையில் கொடுத்துப் பேசவிடுங்க. கேள்வி கேட்கும்போது வராத விஷயம் காகிதத்தைத் தடவும்போது வரும்.

எனக்கு வந்தது அப்படித்தான். ஆயாவின் கணவர், அதாவது என் தாத்தா, அம்பத்தூர் டன்லப் ஃபேக்டரியில் டயர் செய்தவர். மாமனார் மலாயாவில் ரப்பர் மரம் வெட்டினார், மருமகன் இங்கே ரப்பரை டயராக்கினார் என்று நான் ஏதோ பெரிய கண்டுபிடிப்பு மாதிரி சொன்னேன். ஆயா கண்டுகொள்ளவே இல்லை. கடைசி மணியார்டர் துண்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இது எந்த மாசம்னு சொன்ன?"

"செப்டம்பர், ஆயா. அதுக்கு மூணு மாசத்துல சண்டை வந்துடுச்சு. தபாலே ஓடல."

"யாருக்குமேவா வரல?"

"யாருக்குமே."

கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் துண்டுகளை நான் அடுக்கின வரிசையிலேயே எடுத்து, ரப்பர் பேண்ட் வேண்டாம் என்று சொல்லி, பழைய துணியிலேயே சுற்றினார்.

"எங்கப்பன இட்டுக்கினு போன கங்காணி எங்க ஊருதான். அவரு சண்டைக்கு அப்புறம் திரும்பி வந்துட்டாரு. எங்கம்மா அந்த வீட்டு வாசப்படி மிதிக்கல. பேத்தி பட்டாபிராம்ல கட்டிக்குடுத்திருக்காங்க. அவங்க வீட்டுலயும் பெட்டி இருக்கும் இல்ல கண்ணு?"

வர்ற ஞாயித்துக்கிழமை பட்டாபிராம் போகிறோம். ஆயாவும் வர்றேன்னு சொல்லியிருக்கார்.